ஓசூர் ரோடு வாடகைக் குளிர்கிடங்கு: கேரட்டைக் கொடுக்கலாம், கத்தரிக்காயைக் கொடுக்காதீர்கள்

எலெக்ட்ரானிக் சிட்டி தாண்டி, சிங்கேன அக்ரஹாரம் பழ மண்டிப் பக்கம் கிரேட் கணக்கில் வாடகைக்கு விடும் குளிர்கிடங்குகள் பல இருக்கின்றன. அவற்றில் ஒன்றைப் பற்றிய மதிப்பீடு இது. பெயர் போடவில்லை. இங்கே சொல்லப்போகும் குறை அந்த ஒரு இடத்தோடு நிற்பதில்லை. அல்சூர், மர்ஃபி டவுன், நீலசந்திரா, விவேக் நகர் பக்கத்துக் காய்கறிக் கடைக்காரர்களும், மெஸ் நடத்துபவர்களும், கல்யாணச் சமையல் எடுப்பவர்களும் எந்தக் கிடங்குக்குப் போனாலும் இதே கேள்விகளைக் கேட்டுவிட்டுத்தான் சரக்கை இறக்க வேண்டும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே மூன்று அறைகள். முதல் அறை அருமை. மூன்றாவது நன்று, ஆனால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க வேண்டும். நடுவில், எல்லாக் காயும் கலந்து போகும் ‘மிக்ஸ் ரூம்’தான் வில்லங்கம். சிறு கடைக்காரர்களின் சரக்கில் பெரும்பகுதி அங்கேதான் போகிறது.

கட்டடத்தைக் குறை சொல்ல முடியாது. சுவரும் கூரையும் 100 மில்லிமீட்டர் பஃப் பேனல், நுரை அடைத்த தகடு. லாரியின் பின்பக்கம் ஒட்டி நிற்கிற உயரத்தில் இறக்குமேடை, அதற்கும் அறைகளுக்கும் நடுவே ஒரு முன்கூடம், ஒவ்வொரு கதவிலும் பிளாஸ்டிக் பட்டைத் திரை. கரண்ட் போனால் ஜெனரேட்டர் தானாக எடுத்துக்கொள்கிறது. தரை காய்ந்திருக்கிறது, அழுகல் வாடை இல்லை. (குளிர்கிடங்கில் நுழைந்ததும் மூக்கு என்ன சொல்கிறது என்பதை முதலில் கேளுங்கள், மற்றதெல்லாம் பிறகு.) 20 கிலோ பிடிக்கும் சாதாரண பிளாஸ்டிக் கிரேட்டுக்கு முதல் இரண்டு அறைகளில் நாளொன்றுக்கு 5 ரூபாய், மூன்றாவதில் 8 ரூபாய். குறைந்தது பத்து கிரேட் கொடுக்க வேண்டும். ஏற்றுகூலி, இறக்குகூலி தனி.

முதல் அறை 1 முதல் 2 டிகிரி. கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், காலிஃப்ளவர், நூல்கோல், முள்ளங்கி, பச்சைப் பட்டாணி, கொத்தமல்லி, புதினா, திராட்சை, ஆப்பிள் எல்லாம் இங்கே போகலாம். இவை குளிர் தாங்கும் சரக்கு. உறையாத வரைக்கும் எவ்வளவு குளிரோ அவ்வளவு நல்லது. தழை வெட்டிய கேரட் ஈரப்பதம் குறையாமல் இருந்தால் மாதக்கணக்கில் நிற்கும், கொத்தமல்லி இரண்டு வாரம் பச்சை மாறாது. ஒரே ஒரு எச்சரிக்கை: ஆப்பிள், காயைப் பழுக்கவைக்கும் எத்திலீன் வாயுவை விட்டுக்கொண்டே இருக்கும். அதே அறையில் கேரட் நாள்கணக்கில் கிடந்தால் கசப்பு ஏறும், முட்டைக்கோஸின் வெளி இலை மஞ்சளாகி உதிரும். இங்கே இரண்டையும் ஒரே அறையில் எதிரெதிர் மூலையில் அடுக்குகிறார்கள். ஆப்பிள் சீசனில் கேரட்டை ஒரு வாரத்துக்கு மேல் விடாதீர்கள். மற்றபடி இந்த அறைக்கு ஐந்துக்கு நாலரை.

இனி மிக்ஸ் ரூம். கதவில் ‘வெஜிடபிள், 4 டிகிரி’ என்று பலகை. ஏன் 4 என்று கேட்டால், “வீட்டு ஃப்ரிட்ஜும் 4 டிகிரிதானே சார்?” என்கிறார்கள். பாலுக்கும் கறிக்கும் இட்லி மாவுக்கும் 4 டிகிரி சரி, அங்கே எதிரி கிருமி. காய் அப்படியல்ல. பறித்த பிறகும் அது உயிரோடு இருக்கிறது, மூச்சு விடுகிறது. வெப்பநாட்டுக் காய்க்கு அந்த 4 டிகிரியே எதிரி. கொத்தமல்லிக்கு இந்த அறையில் குளிர் பத்தாது, வெள்ளரிக்கோ தாங்காது. எல்லாருக்கும் பொதுவாக வைத்த டிகிரி யாருக்கும் பொருந்தாமல் போய்விட்டது.

குளிரால் காய்க்கு வரும் இந்தச் சேதத்தைத் துறையில் சில்லிங் இன்ஜுரி என்பார்கள், மண்டியில் ‘குளிர் அடிச்ச சரக்கு’. உறைந்து போவது வேறு, இது வேறு. காய்கள் உறைய வேண்டுமானால் சைபருக்கும் கொஞ்சம் கீழே போக வேண்டும். குளிர் அடிப்பதற்கு 10, 12 டிகிரிக்குக் கீழே இறங்கினாலே போதும். காயின் ஒவ்வொரு செல்லையும் சுற்றிக் கொழுப்பாலான மெல்லிய சவ்வு ஒன்று உண்டு. டிசம்பர் மாதக் காலையில் பெங்களூரு வீடுகளில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள்ளேயே கட்டியாகிவிடும், பக்கத்தில் இருக்கும் சூரியகாந்தி எண்ணெய் தண்ணீராக ஓடும். வெள்ளரி, கத்தரி, வாழை இவற்றின் சவ்வு தேங்காய் எண்ணெய் ரகம், கேரட், முட்டைக்கோஸின் சவ்வு சூரியகாந்தி ரகம். இறுகிய சவ்வு ஒழுக ஆரம்பிக்கும். செல்லுக்குள் இருந்த உப்பும் நீரும் கசிந்து வெளியே வரும். தனித்தனியாக அடைபட்டிருந்த நொதியும் பினால் வகைப் பொருள்களும் ஒன்றோடொன்று கலந்து கறுத்துப்போகும். மூச்சு தாறுமாறாகும், எத்திலீன் கூடும். கடைசியில் பூஞ்சைக்குக் கதவு திறந்த மாதிரி.

இதில் வியாபாரியைக் கவிழ்க்கிற விஷயம் ஒன்று உண்டு. அறைக்குள் இருக்கும்வரை காய் பளபளவென்று இருக்கும். 4 டிகிரியில் எல்லாமே மெதுவாக நடப்பதால் சேதமும் தெரியாது. வெளியே எடுத்து 25 டிகிரியில் ஒரு நாள், ஒன்றரை நாள் வைத்ததும்தான் குழியும் கறுப்பும் கொழகொழப்பும் வெளியே வரும். அதற்குள் சரக்கு உங்கள் கடைத் தட்டில். கிடங்குக்காரர், ‘போகும்போது நல்லாத்தானே இருந்தது’ என்பார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

வெள்ளரிக்காயில் இது சீக்கிரம் தெரியும். 10 டிகிரிக்குக் கீழே இரண்டு மூன்று நாள் போதும். வெளியே வந்தபின் தோலில் கட்டைவிரல் நகத்தால் லேசாக அழுத்தின மாதிரிச் சின்னச் சின்னக் குழிகள். ஒவ்வொரு குழியைச் சுற்றியும் தோல் தண்ணீர் ஊறின மாதிரிக் கரும்பச்சையாகத் தெரியும், காலையில் அதில் ஈரம் துளிர்த்திருக்கும், மாலைக்குள் வழுக்கும். சுரைக்காய், பீர்க்கங்காய், பாகற்காய் எல்லாம் இதே கூட்டம். நான்குக்கும் 10 முதல் 12 டிகிரி வேண்டும்.

கத்தரிக்காய் கொஞ்சம் ஏமாற்றும். 5 டிகிரியில் ஆறிலிருந்து எட்டு நாளில் குளிர் அடித்துவிடும், 2.5 டிகிரியில் நாலைந்து நாள் போதும். முதலில் பார்க்க வேண்டியது காம்புத் தொப்பி. பச்சையாக இருந்த தொப்பியின் ஓரம் கறுத்து, அதில் சாம்பல் பூத்த மாதிரிப் பூஞ்சை பிடித்திருந்தால் உள்ளே வெட்டிப் பாருங்கள். நல்ல கத்தரியின் விதை வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள். குளிர் அடித்ததில் விதைகள் பழுப்பாகி, விதையை ஒட்டின சதையும் தேநீர்க் கறை பட்ட மாதிரி இருக்கும். தோலில் வெண்கலம் பூசினாற்போல் படை படையாகத் தேமல் விழும். முற்றின கத்தரிக்கும் விதை பழுப்பாகும் என்பதால் சிலர் குழம்பிப்போகிறார்கள். முற்றினதில் விதை கெட்டியாக இருக்கும், குளிர் அடித்ததில் விதை பிஞ்சாகவே இருந்து நிறம் மட்டும் மாறியிருக்கும்.

வெண்டைக்காய்க்கு 7 முதல் 10. அதற்குக் கீழே போனால் நிறம் மங்கி, குழி விழுந்து, நீர் கோத்துக்கொள்ளும். வெளியே வந்ததும் விளிம்புகள் கறுக்கும். மேலே தண்ணீர் தெளித்து உள்ளே விட்டால் இன்னும் மோசம்.

தக்காளியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், கோலாரிலிருந்தும் ராயக்கோட்டையிலிருந்தும் வருகிற லோடில் பாதி இங்கேதான் அடைகிறது. செங்காய்க்கும் பச்சைக்கும் 12.5 முதல் 15 டிகிரி. பழுத்துக் கெட்டியாக இருக்கும் தக்காளிக்கு 7 முதல் 10. செங்காயை 5 டிகிரியில் ஒரு வாரம் வைத்தால் பிறகு எத்தனை நாள் வெளியே வைத்தாலும் ஒழுங்காகச் சிவக்காது. திட்டுத் திட்டாக ஆரஞ்சும் மஞ்சளும் நின்றுவிடும், காம்புப் பக்கம் கறுப்புப் பூஞ்சை உட்காரும். நன்றாகப் பழுத்த தக்காளி இரண்டு மூன்று நாள் 4 டிகிரியைத் தாங்கும், பார்வைக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் மணம் போய்விடும். ரசத்துக்குத் தக்காளி வாங்குகிறவர் அதைக் கண்டுபிடித்துவிடுவார். விலை ஏறும் என்று காத்திருந்து செங்காயை மிக்ஸ் ரூமில் அடைப்பவர்கள் விலை ஏறின அன்று விற்க முடியாத சரக்கை வெளியே எடுக்கிறார்கள்.

இந்திராநகர், கோரமங்களா கஃபேக்களுக்கு பேசில் இலை சப்ளை செய்பவர்கள் கவனிக்க: அதற்கும் 10 டிகிரிக்குக் குறையக் கூடாது. கொத்தமல்லி கூடவே வைத்தால் மறுநாளே கறுப்பு.

இப்போது அறையின் உள்ளமைப்பு. கதவுக்கு மேலே இருக்கும் டிஸ்ப்ளே 4 காட்டினால் அறை முழுக்க 4 என்று அர்த்தமில்லை. அந்த சென்சார் காற்று திரும்பி வரும் பக்கத்தில் இருக்கிறது. குளிர்க்காற்றை ஊதும் எவாப்பரேட்டரிலிருந்து புறப்படும் காற்று அதைவிட மூன்று நாலு டிகிரி குறைவாகத்தான் வரும், அது நேராகப் பின்சுவரின் மேலடுக்கில் அடிக்கிறது. அதாவது பலகையில் 4, மேல் கிரேட்டில் சைபரை ஒட்டி. நடு அடுக்கிலோ காற்றே நுழையாமல், பீன்ஸும் வெண்டையும் தங்கள் மூச்சுச் சூட்டிலேயே 9, 10 என்று நிற்கும். ஒரே லோடில் மேல் கிரேட் குழி விழுந்தும், நடு கிரேட் வாடியும் வருவதற்கு இதுதான் காரணம். கிரேட்டுகளைச் சுவரிலிருந்து ஒரு சாண், கூரையிலிருந்து இரண்டடி தள்ளி, வரிசைக்கு வரிசை நாலு விரல் இடம் விட்டு அடுக்கச் சொல்லுங்கள். சொன்னால் செய்கிறார்கள். சொல்லாவிட்டால் இறுக்கி அடுக்கிவிடுகிறார்கள், இடம் மிச்சம் அவர்களுக்கு.

சொந்தமாக ஒரு பிராப் தெர்மாமீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். ஊசி மாதிரி முனை உள்ளது, சில நூறு ரூபாய்தான். வாங்கினதும் ஒரு டம்ளரில் இடித்த ஐஸை நிரப்பி, இடைவெளியில் தண்ணீர் ஊற்றிக் கலக்கி முனையை விடுங்கள். ஒரு நிமிடத்தில் சைபர் காட்ட வேண்டும், எத்தனை தள்ளிக் காட்டுகிறதோ அதை எப்போதும் கழித்துக்கொள்ளலாம். அறையில் காற்றை அளக்காதீர்கள். மேல் கிரேட்டிலிருந்து ஒரு காய், நடு கிரேட்டின் நடுவிலிருந்து ஒரு காய் எடுத்துச் சதையின் மையத்துக்கு முனை போகும்படி குத்திப் பாருங்கள். குத்தின காயைத் திருப்பி வைக்காமல் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

ஈரப்பதம் இன்னொரு ஓட்டை. காய்கறிக்கு 90 முதல் 95 சதவீதம் வேண்டும். மிக்ஸ் ரூமில் அவ்வளவு நிற்பதில்லை, அங்கே கேரட்டை வைத்தால் தோல் சுருங்குவதே சாட்சி. அறை 4 டிகிரியில் இருக்க வேண்டுமானால் எவாப்பரேட்டர் சுருள் சைபருக்குக் கீழே ஓடும். அறையின் ஈரம் முழுக்க அதில் பனியாகப் படிந்து, டிஃப்ராஸ்ட் ஆகும்போது குழாய் வழியாக வெளியே போய்விடும். குளிர் அடித்த தோலிலிருந்து நீர் போகப் போகக் குழி ஆழமாகும். கிரேட்டுக்குள் துளை போட்ட பாலிதீன் தாளை விரித்து மேலே மடித்து மூடினால் இந்தக் குழி கணிசமாகக் குறையும். குளிர் தாக்குவதை அது தடுக்காது, வெளியே தெரிவதைத்தான் குறைக்கும். வெங்காயத்துக்கு இது நேர்மாறு. அதற்கு 65 முதல் 70 சதவீதம் போதும், அதைக் காய்கறி அறையில் வைப்பதே தவறு.

எனக்குப் புரியாதது என்னவென்றால், மிக்ஸ் ரூமை 10 டிகிரியில் ஓட்டினால் அவர்களுக்கும் லாபம்தான். வெளியே 28 டிகிரி என்று வையுங்கள். 4 டிகிரி அறைக்கு வித்தியாசம் 24, 10 டிகிரி அறைக்கு 18. சுவர் வழியாக உள்ளே வரும் வெப்பம் அதிலேயே கால் பங்கு குறைகிறது. சுருளில் பனி பிடிக்காது, ஈரமும் நிற்கும். ஆனால் ‘குளிர் குறைவு’ என்று வாடிக்கையாளரே சண்டைக்கு வருகிறாராம். கதவைத் திறந்ததும் முகத்தில் ஜில்லென்று அடித்தால்தான் கொடுத்த காசுக்கு வேலை நடக்கிறது என்று நம்புகிற பழக்கம் நம்மிடமும் இருக்கிறது.

உண்மையில் இங்கே இன்னொரு அறை தேவை, 7 முதல் 8 டிகிரியில். குடைமிளகாய், பச்சை மிளகாய், சௌசௌ, பீன்ஸ், மாதுளை, சாத்துக்குடி எல்லாம் அந்த இடைவெளியில் வாழ்பவை. குடைமிளகாய் 7.5-க்குக் கீழே நாள் போகப் போகத் தோலில் தகடு தகடாக அமுங்கும், உள்ளே விதை பழுப்பாகும். பீன்ஸ் 5 முதல் 7.5 வரை, அதற்குக் கீழே போய் வெளியே வந்தால் துருப்பிடித்த மாதிரிப் புள்ளிகள். மாதுளைக்கு 5-க்குக் கீழே போகக் கூடாது. வெளித்தோல் பழுப்பாகும், உள்ளே முத்துகளைப் பிரிக்கும் வெள்ளைத் தடுப்பும் பழுப்பாகும், முத்து வெளிறும். எலுமிச்சைக்கு 9, 10. கொய்யாவுக்கு 8 முதல் 10. இவற்றை இப்போதைய மிக்ஸ் ரூமில் இரண்டு இரவுக்கு மேல் வைக்க நான் சொல்லமாட்டேன். மிக்ஸ் ரூமுக்கு ஐந்துக்கு ஒன்றரை, அதுவும் தரை சுத்தத்துக்காக.

மூன்றாம் அறை 13 டிகிரி, வாழைக்கும் மாங்காய்க்கும். இங்கே டிகிரி சரி, ஆனால் தெர்மோஸ்டாட்டின் ஊசலாட்டத்தைப் பார்க்க வேண்டும். பச்சை வாழைக்குக் குளிர் எவ்வளவு சீக்கிரம் அடிக்கும் என்பதற்குக் கறாரான கணக்கு உண்டு: சதையின் சூடு 10 டிகிரிக்கு இறங்கினால் ஒரு மணி நேரம் போதும், 11.7-இல் ஐந்து மணி நேரம், 12.2-இல் ஒரு நாள், 12.8-இல் மூன்று நாள். ஆகவே ‘13தான், எப்போதாவது 11-க்குப் போகும்’ என்று யாராவது சிரித்துக்கொண்டே சொன்னால் நீங்கள் சிரிக்காதீர்கள். செட்டிங்கை 14 வைக்கச் சொல்லுங்கள். வாழைக்கு 13 முதல் 14 வரை இடம் இருக்கிறது, கீழே இடமில்லை.

குளிர் அடித்த வாழை பச்சையாக இருக்கும்போதே காட்டிக்கொடுக்கும். காயின் தோலை நீளவாக்கில் ஒரு கீற்று உரித்து உள்பக்கத்தைப் பாருங்கள். நல்ல காயில் சுத்தமான வெளிர் பச்சை. அடிபட்டதில் தோலுக்கு அடியில் நரம்பு நரம்பாகப் பழுப்புக் கோடுகள் ஓடும். தோலை வெட்டினால் வழியும் பாலும் வெள்ளையாக இல்லாமல் தெளிந்த நீர் மாதிரி வரும். பழுத்த பின் பளிச் மஞ்சள் வராது, புகை படிந்த சாம்பல் மஞ்சள்தான். உள்ளே சதை தின்னும்படி இருந்தாலும் ஏலக்கி ரக வாழை வாங்க வருகிற பெங்களூருக்காரர் அந்த நிறத்தைப் பார்த்ததும் அடுத்த வண்டிக்குப் போய்விடுவார்.

முதிர்ந்த பச்சை மாங்காய்க்கும் 13. பழுத்ததை 10 வரை கொண்டுபோகலாம். குளிர் அடித்த பாதாமி ரக மாம்பழத்தில் தோல் வெந்த மாதிரிச் சாம்பல் பூக்கும், காம்புப் பக்கம் பச்சையாகவே நிற்க நுனி மட்டும் பழுக்கும், மணம் எழாது. இதே கட்டடத்தில் பழுக்கவைக்கும் அறையும் உண்டு. 100 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்துக்கு நூறு பங்கு) எத்திலீன், வாழைக்கு 16 முதல் 18 டிகிரி, இடையிடையே கதவைத் திறந்து கரியமில வாயுவை வெளியேற்றுகிறார்கள். முறையாகத்தான் நடக்கிறது. கார்பைடு கல் வைப்பதை உணவுப் பாதுகாப்பு விதிகள் தடை செய்திருக்கின்றன, இங்கே அதன் வாடையே இல்லை. மூன்றாம் அறைக்கு ஐந்துக்கு நாலு.

சிலவற்றை எந்த அறைக்கும் கொண்டுபோக வேண்டியதே இல்லை. இஞ்சி, சர்க்கரைவள்ளி, பரங்கிக்காய் மூன்றுக்கும் 12, 13 டிகிரிக்கு மேல்தான் சுகம். சர்க்கரைவள்ளி குளிர் பட்டால் வேகவைத்தாலும் நடுவில் கட்டை மாதிரி நிற்கும். உருளைக்கிழங்கு 4 டிகிரியில் கிடந்தால் மாவுச்சத்து சர்க்கரையாகும். குழம்புக்கு லேசாக இனிக்கும், சிப்ஸ் போட்டால் எண்ணெயில் விழுந்ததும் கறுக்கும். டிசம்பர், ஜனவரியில் பெங்களூரின் இரவு 15, 16 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அந்த மாதங்களில் வடக்குப் பக்க அறையில் ஜன்னலைத் திறந்து, ஈரக் கோணி தொங்கவிட்டு வைத்த கத்தரிக்காய், கிடங்கின் 4 டிகிரியில் வைத்ததைவிட நல்ல நிலையில் இருக்கும். ஏப்ரலில் 34 அடிக்கும்போது அந்தக் கதை நடக்காது. அப்போது மூன்றாம் அறையில் இடம் கேளுங்கள். 13 டிகிரி கத்தரிக்கும் வெள்ளரிக்கும் ஒரு டிகிரி கூடுதல்தான், நாலைந்து நாளுக்குக் கவலையில்லை. கிரேட்டுக்கு 3 ரூபாய் அதிகம் கொடுப்பது கழிவில் போவதைவிட மலிவு. ஆனால் பழுக்கிற வாழைக்குப் பக்கத்தில் வெள்ளரியை வைக்க விடாதீர்கள், எத்திலீன் பட்டு மஞ்சளாகும்.

வேறு வழியில்லாமல் மிக்ஸ் ரூமில்தான் இடம் என்றால் வெள்ளரி, சுரைக்காய் ஒரே இரவு. கத்தரி, வெண்டை இரண்டு இரவு. அதுவும் நடு அடுக்கில், தாள் மூடி. புது லோடாக இருந்தால் முழுவதையும் எடுப்பதற்கு முந்தைய நாளே ஒரு கிரேட்டை மட்டும் வெளியே கொண்டுவந்து கடையில் 24 மணி நேரம் வைத்துப் பாருங்கள். அதில் குழி விழுந்தால் மீதியை அன்றே எடுத்து, அன்றே தள்ளிவிட வேண்டும், ஹோட்டல் சாம்பாருக்கானாலும் சரி. தவறுதலாக ஒரு இரவு 4 டிகிரியில் கிடந்த சரக்கு கெட்டுவிட்டது என்று பயப்பட வேண்டாம். ஆரம்பத்தில் சவ்வு மீண்டுவரும். வெளியே எடுத்து 15 முதல் 20 டிகிரியில் வைத்து முதலில் விற்றுவிடுங்கள். திரும்பக் குளிருக்குள் அனுப்பக் கூடாது. குளிர்ப் பாதிப்பு கூட்டல் கணக்கு: நேற்று இரவு, லாரியில் ஐஸ் பக்கத்தில், நாளை இரவு எல்லாம் ஒன்றாகச் சேரும்.

வெளியே எடுக்கும்போது நடக்கும் கூத்து வேறு. மழைக்காலத்தில் குளிர்ந்த காயின் மேல் வெளிக்காற்று பட்டதும் முத்து முத்தாக வியர்க்கும், குளிர் அடித்த தோலில் அந்த ஈரம் பூஞ்சைக்கு விருந்து. முன்கூடத்தில் ஒன்றிரண்டு மணி நேரம் நிறுத்தி, மேலே போர்த்திய தார்ப்பாயை எடுக்காமலே வைத்திருந்தால் வியர்வை தார்ப்பாயின் மேல்தான் பிடிக்கும். இங்கே அதற்கு இடம் தருகிறார்கள், தனிக் காசு இல்லை. காலை நாலரைக்குக் கேட் திறக்கிறது, மூன்றரைக்கே போன் செய்தால் முன்கூடத்துக்கு எடுத்து வைத்துவிடுகிறார்கள். தமிழில் பேசலாம், கணக்குப் பார்ப்பவருக்கும் ஏற்று இறக்குபவர்களுக்கும் புரிகிறது.

ரசீது விஷயத்தில்தான் கண் வேண்டும். வெளியே எடுக்கும்போது ‘சரக்கு நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்’ என்று கையெழுத்து வாங்குகிறார்கள். மேலே சொன்னபடி குளிர் அடித்த சரக்கு அந்த நிமிடத்தில் நல்ல நிலையில்தான் இருக்கும். கையெழுத்துக்குப் பக்கத்தில் ‘48 மணி நேரத்தில் தெரியும் பாதிப்புக்கு உட்பட்டு’ என்று எழுதச் சொல்லுங்கள், முகம் சுளித்தாலும் எழுதுகிறார்கள். அறையின் டிகிரியைத் தானாகக் குறித்துவைக்கும் டேட்டா லாகர் பதிவை வாட்ஸ்அப்பில் கேட்டால் அனுப்புகிறார்கள், கேட்டால் மட்டும். அதில் சராசரியைப் பார்க்காமல் ஒவ்வொரு இரவிலும் எது மிகக் குறைந்த எண் என்று பாருங்கள்.

ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் முடிய மூன்றாம் அறை மாம்பழ வியாபாரிகள் கையில் போய்விடும். அந்த மாதங்களில் வாழைக்கோ கத்தரிக்கோ இடம் வேண்டுமென்றால் மார்ச்சிலேயே முன்பணம் கட்டி, பில்லில் ‘13 டிகிரி அறை’ என்று எழுதி வாங்கிவிடுங்கள். எழுத்தில் இல்லாவிட்டால், இடம் நெருக்கும் நாளில் உங்கள் கிரேட்டுகள்தான் முதலில் மிக்ஸ் ரூமுக்கு நகரும்.